கண்மாய்க் கெண்டையும் அதன் பங்காளிகளும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



"நீங்க விலங்கியல்காரர். நம்ம மாவட்டத்தைப் பத்தி ஏதாவது பேசுங்க. ஆனா லத்தீன் பேரா அடுக்கி ஆளுங்களைத் தூங்க வச்சிராதீங்க" என்று நம் செயலாளர் அண்ணன் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே லத்தீன் பெயர்களைக் குழம்புக்கு உப்பு மாதிரி அளவாகவே போடுகிறேன். நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், நம் கண்மாயில் வாழ்கிற கெண்டைக் குடும்பம். இதிலே என்ன பேச இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். ஒரு வழக்கே இருக்கிறது. அதைக் கடைசியில் உங்கள் முன் வைக்கிறேன். முதலில் வாதி யார், பிரதிவாதி யார் என்று அடையாளம் காட்டிவிடுகிறேன்.

நம் மாவட்டம் தனி மாவட்டமாக ஆனது 1974 ஜனவரி 14-ல். அதற்கு முன் திருச்சியோடு இருந்தோம். அதற்கும் முன், 1948 வரை, தனிச் சமஸ்தானம். ஆட்சி எத்தனை மாறினாலும் மாறாதது ஒன்று உண்டு, அது கண்மாய். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய், குளங்கள் உள்ள மாவட்டம் இது. வற்றாத ஆறு என்று ஒன்றுகூட நமக்குக் கிடையாது. வெள்ளாறு, அக்கினியாறு, பாம்பாறு எல்லாம் மழைக்கு ஓடி வெயிலுக்கு மணலாகிறவை. அறந்தாங்கி, நாகுடிப் பக்கம் மட்டும் கல்லணைக் கால்வாய் வழியாகக் காவிரித் தண்ணீர் எட்டிப் பார்க்கும். மற்றபடி ஐப்பசி கார்த்திகை மழையைக் கரை கட்டி நிறுத்தினால்தான் நெல்லும் உண்டு, மீனும் உண்டு.

சித்தன்னவாசல் குகையின் விதானத்தில் 9ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் தீட்டிய தாமரைக் குளத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யானை, எருமை, அன்னம், பூப்பறிக்கிற ஆட்கள், இவற்றுக்கு நடுவே மீன்கள். இந்த மண்ணில் குளம் என்று ஒன்றை வரைய உட்கார்ந்தால் மீனை விட்டுவிட்டு வரைய முடியாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

கெண்டை யார், கெண்டை இல்லாதவர் யார்?

கயல், சேல், கெண்டை என்று மூன்று சொற்கள் தமிழில் தொன்றுதொட்டு இருக்கின்றன. கண்ணுக்கு உவமை சொல்ல இந்த மூன்றையும் நம் புலவர்கள் விட்டதில்லை. பாண்டியன் கொடியில் ஏறியதும் கயல்தான். ஆனால் சந்தையில் போய்க் கெண்டை என்று கேட்டால் ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். அதற்கு ஒரு வீட்டுப் பரீட்சை சொல்லித் தருகிறேன். ஆய்வுக்கூடம் தேவையில்லை, அரிவாள்மணைப் பக்கம் உட்கார்ந்தாலே போதும்.

மீனின் வாயைத் திறந்து விரலால் தடவிப் பாருங்கள். தாடையில் பல் இருக்கக் கூடாது. உடம்பில் செதில் இருக்க வேண்டும், தலையில் செதில் இருக்கக் கூடாது. முதுகில் ஒரே ஒரு துடுப்புத்தான் இருக்க வேண்டும். கெளுத்திக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைத் திட்டு மாதிரி இன்னொரு சின்னத் துடுப்பு இருக்கிறதே, அது இருக்கக் கூடாது. மீசை இருந்தால் நம்மூர்க் கெண்டைக்கு ஒரு ஜோடி, மிஞ்சினால் இரண்டு ஜோடி. இந்த நான்கும் பொருந்தினால் அது கெண்டைக் குடும்பம்.

இந்தப் பரீட்சையில் முதலில் தோற்பவர் ஜிலேபிக் கெண்டை. முதுகுத் துடுப்பில் வரிசையாக முள், தாடையில் பல். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த திலாப்பியா அது. 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காப்பாற்றும். பெயரில்தான் கெண்டை, குடும்பத்தில் இல்லை. அடுத்துத் தோற்பவர் பனையேறிக் கெண்டை. தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு வைத்துக்கொண்டு, மழை நாளில் ஈரத் தரையில் நடந்து போகிறவர். அவரும் கெண்டை இல்லை.

சரி, பெயரில் கெண்டை இல்லாமலே குடும்பத்துக்கு உறவானவர் யாராவது உண்டா? உண்டு. நம்ம அயிரை! அயிரைக்குக் கெண்டை ஒன்றுவிட்ட பங்காளி. கெண்டைக் குடும்பங்களும் அயிரைக் குடும்பமும் சேர்ந்ததுதான் சிப்ரினிபார்மிஸ் என்கிற பெரிய வரிசை. நாலாயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் அதில் இருக்கின்றன. நன்னீர் மீன்களில் இவ்வளவு பெரிய கூட்டுக் குடும்பங்கள் அதிகம் இல்லை.

ஊர்ப் பெயர் லத்தீன் ஆன கதை

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஐரோப்பிய ஆறுகளில் கட்ஜன் என்று ஒரு சின்ன மீன் இருக்கிறது. ஒரு சாண் இருக்காது. வாயின் இரு ஓரத்திலும் ஒரு ஜோடி மீசை. கூழாங்கல் தரையை ஒட்டியே மேயும். தூண்டில் எதைப் போட்டாலும் கடித்துவிடும் என்பதால் ஏமாளிக்கே இங்கிலீஷில் அந்தப் பெயர் உண்டு. கட்ஜன் என்ற சொல் லத்தீனில் கோபியோ என்ற சொல்லிலிருந்து வந்தது. கோபி என்பதோ நம்மூர் உளுவையின் கூட்டம். உளுவைக்கும் கட்ஜனுக்கும் இரத்த சம்பந்தம் கிடையாது. இரண்டும் தரையோடு தரையாய்க் கிடக்கிற மீன், அவ்வளவுதான். ஆக, நாம் திலாப்பியாவைக் கெண்டை என்றால் அவர்கள் கெண்டைப் பங்காளியை உளுவை ஆக்கிவிட்டார்கள். கணக்கு சரி.

கட்ஜன் கூட்டம் ஐரோப்பாவிலும், இன்னும் அதிகமாகச் சீனா, கொரியா, ஜப்பான் பக்கமும் வாழ்வது. நம் கண்மாய்களில் கிடையாது. அது அங்கே செய்கிற வேலையை இங்கே செய்கிறது அயிரை. மணலை வாயால் அள்ளிச் சலித்து, இரையை எடுத்துக்கொண்டு, மண்ணைத் துப்புவது அதன் தொழில். அதனால்தான் நம் வீடுகளில் அயிரையை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்த பிறகு குழம்பு கூட்டுகிறார்கள். அப்பத்தாமார் செய்துகொண்டிருந்தது நல்ல விலங்கியல். அயிரையின் கண்ணுக்குக் கீழே மடக்கி நீட்டக் கூடிய ஒரு முள் இருக்கிறது. கையில் இறுக்கிப் பிடித்தால் சுருக்கென்று குத்தும். இதன் அறிவியல் பெயரில் தெர்மாலிஸ் என்று ஒரு சொல் வரும். வெந்நீர் என்று பொருள். இந்த இனத்துக்கு 1846-ல் பெயர் வைத்தபோது கையிலிருந்த மீன் திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீர் ஊற்றில் பிடித்தது. தமிழ்க் குழம்புச் சட்டியில் கொதிக்கிற மீனுக்கு வெந்நீர்ப் பெயர் பொருத்தமாகத்தான் அமைந்திருக்கிறது.

நம் நாட்டு மீன்களுக்கு முறையாகப் பெயர் சூட்டியவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் ஹாமில்டன். கங்கையின் மீன்களைப் பற்றி 1822-ல் அவர் புத்தகம் வந்தது. ரோகு, கட்லா, மிருகால் என்று வங்காளத்து மீனவர்கள் வாயில் வழங்கிய பெயர்களையே எடுத்து லத்தீன் ஆக்கிவிட்டார். பொடிக்கெண்டைகளின் பேரினமான புன்டியஸ் என்பதும் 'புட்டி' என்ற வங்காளிப் பெயர்தான். தென்னாட்டில் ஜெர்டன் என்ற ராணுவ மருத்துவர் 1849-ல் நம் பக்கத்து நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். அதன் பின் பிரான்சிஸ் டே 1875 முதல் 1878 வரை வெளியிட்ட 'இந்திய மீன்கள்' என்ற நூலைத்தான் என் காலத்து விலங்கியல் மாணவர்கள் வேதம் போல் வைத்திருந்தோம். டே மாதிரி ஆட்கள் இந்தப் பக்கத்து மீன்களுக்கு எழுதும்போது தமிழ்ப் பெயரையும் இங்கிலீஷ் எழுத்தில் கூடவே எழுதிவைத்தார்கள். மீனைப் பிடித்துக் கொடுத்தவர் சொன்ன பெயர் அது. சொன்னவர் பெயர் எங்கும் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஹாமில்டனுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஹாலுதார் என்ற வங்காள இளைஞர். 2012-ல் புன்டியஸ் என்ற பெரிய பேரினத்தை இலங்கை ஆய்வாளர்கள் பிரித்துப் பாகம் போட்டார்கள். அதில் தென்னிந்தியாவுக்கே உரிய ஒரு பிரிவுக்குத் திராவிடியா என்று பெயர் வைத்தார்கள். ஏற்கெனவே ஓர் ஈக்கு அந்தப் பெயர் இருந்ததால் செல்லாது போயிற்று. மறு வருஷமே ஹாலுதாரியா என்று மாற்றினார்கள். இருநூறு வருஷம் கழித்து அந்த ஓவியருக்குக் கிடைத்த மரியாதை! அதே பாகப்பிரிவினையில் முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீளும் கெண்டைக்கு ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற விஞ்ஞானியின் பெயரால் டாக்கின்சியா என்றும், சின்னப் புள்ளிக் கெண்டைகளுக்குச் சிங்களச் சொல்லான பெத்தியா என்றும் பெயர் வந்தது.

2018-ல் இன்னொரு பெரிய பாகப்பிரிவினை நடந்தது. நாமெல்லாம் சிப்ரினிடே என்று ஒரே குடும்பமாகப் படித்தோமே, சுமார் மூவாயிரம் சிற்றினம் உள்ள அந்தக் குடும்பத்தை மரபணு ஆதாரத்தைக் கொண்டு பல குடும்பங்களாக்கிவிட்டார்கள். ரோகு, கட்லா, மிருகால், பொடிக்கெண்டை எல்லாம் பழைய வீட்டிலேயே இருக்கின்றன. மேல்மட்டத்தில் கூட்டமாகத் துள்ளும் மெல்லிய வெள்ளி மீன்கள் டானியோனிடே என்று தனிக்குடித்தனம் போய்விட்டன. உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் மனித நோய்களை ஆராய வளர்க்கிறார்களே வரிக்குதிரை மீன், அதுவும் இந்த வீடுதான். மனித மரபணுக்களில் 70 சதவீதத்துக்கு இணையானவை அதனிடம் இருப்பதாக 2013-ல் கண்டார்கள். சீனத்துப் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் இன்னொரு வீடு. கட்ஜன் கூட்டத்துக்குக் கோபியோனிடே என்று தனி வீடு. வீடு பிரிந்தாலும் வரிசை ஒன்றுதான். பங்காளி பங்காளிதான்.

இரைப்பை இல்லாத மீன்

தாடையில் பல் இல்லை என்றேன். அப்படியானால் எப்படி மெல்லும்? தொண்டையில் மெல்லும். செவுளுக்குப் பின்னால் கடைசி வளைவெலும்பில் பல் வரிசை இருக்கிறது. மீன் தலையைச் சப்பிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், உள்ளே கடினமாக ஒன்று தட்டுப்படும். அந்தப் பல்லின் அமைப்பைப் பார்த்தே இன்ன மீன் என்று சொல்கிற நிபுணர்கள் இருக்கிறார்கள். இன்னொரு ஆச்சரியம், கெண்டைக்கு இரைப்பை என்று தனியாக ஒன்று கிடையாது. தொண்டையிலிருந்து நேராகக் குடல்தான். பாசியும் மட்கும் தின்கிற மீனுக்குக் குடல் உடம்பைப் போலப் பல மடங்கு நீளமாகச் சுருண்டு கிடக்கும். அதனால் கெண்டை ஒரேயடியாகத் தின்றுவிட்டு ஓய்வெடுக்காது. நாள் பூரா மேய்ந்துகொண்டே இருக்கும்.

அதற்குக் காதும் கூர்மை. காற்றுப்பைக்கும் உட்செவிக்கும் நடுவே சங்கிலி போலச் சின்னச் சின்ன எலும்புகள் இருக்கின்றன. 1820-ல் வெபர் என்ற ஜெர்மானியர் விவரித்ததால் வெபர் எலும்புகள் என்று பெயர். காற்றுப்பை மத்தளம் மாதிரி அதிர, அந்த அதிர்வைச் சங்கிலி காதுக்குக் கொண்டுபோகும். கரையில் தொம்மென்று மிதித்தால் தூண்டில்காரர் முறைப்பார் இல்லையா, காரணம் இதுதான்.

மூக்கும் சும்மா இல்லை. ஒரு கெண்டையின் தோல் கிழிந்தால் அதிலிருந்து ஒரு பொருள் தண்ணீரில் கலக்கும். அந்த வாசனை பட்டதும் கூட்டத்திலுள்ள மற்ற மீன்கள் கலைந்து ஓடும். தேனீயின் நடனத்தைக் கண்டுபிடித்து 1973-ல் நோபல் பரிசு பெற்றாரே கார்ல் வான் பிரிஷ், அவர்தான் 1938-ல் இதையும் கண்டு சொன்னார். தன் உயிர் போனாலும் கூட்டத்துக்கு எச்சரிக்கை போய்ச் சேருகிறது.

விருந்தாளியும் குடியிருப்பவரும்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முட்டையிடும் முறையை வைத்துப் பார்த்தால் நம் கண்மாயில் இருக்கிற கெண்டைகள் இரண்டு கட்சி.

முதல் கட்சி ரோகு, கட்லா, மிருகால். கங்கைக்காரர்கள். கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிருகால் அடியில். ஒரே தண்ணீரில் மூன்று அடுக்கு வீடு கட்டின மாதிரி. சண்டை இல்லாமல் மூன்றும் வளரும். ஆனால் இவை இனம் பெருக்க ஓடுகிற ஆறு வேண்டும், மழைக்கால வெள்ளம் வேண்டும். தேங்கி நிற்கிற தண்ணீரில் சினை முதிரும், முட்டை இடாது. ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் வட இந்திய ஆறுகளில் போய் அரித்துத்தான் எடுக்க வேண்டும். 1957 ஜூலை 10-ல் ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் டாக்டர் ஹிராலால் சௌத்ரி குழுவினர், மீனின் பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டு, குளத்து மீனையே முட்டையிட வைத்தார்கள். இந்திய மீன் வளர்ப்பின் சரித்திரம் அன்றைக்குத் திரும்பியது. அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். 1959-ல் சீனத்துப் புல் கெண்டையும் வெள்ளிக் கெண்டையும் வந்தன. சாதாக் கெண்டை 1939-லேயே இலங்கை வழியாக ஊட்டிக்கு வந்துவிட்டது.

இவற்றை நான் குறை சொல்லவே மாட்டேன். ஏழை வீட்டிலும் வாரம் ஒருநாள் மீன் வாசம் வருகிறதென்றால் அந்த ஊசி செய்த புண்ணியம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ரோகு நம் கண்மாய்க்கு விருந்தாளி. வருஷா வருஷம் லாரியில் விரலிகளாக வந்து இறங்குகிறது, வளர்கிறது, பிடிபடுகிறது. அடுத்த வருஷம் மறுபடி லாரி வர வேண்டும். ஒரு வருஷம் லாரி வரவில்லை என்றால் ரோகு இல்லை.

இரண்டாவது கட்சி நம் சின்னக் கெண்டைகள். வாலடியில் கரும்புள்ளி வைத்த பொடிக்கெண்டை, முதுகுத் துடுப்படியில் புள்ளி வைத்த நீள மூக்குக் கெண்டை, நெஞ்சைத் தாண்டி மீசை நீளும் பறக்கும் கெண்டை, கரும்பட்டை போட்ட ரஸ்போரா, இவற்றோடு அயிரை. விரல் நீளம்தான். புதுத் தண்ணீர் உள்வாயில் ஏறிப் புல்லை மூழ்கடித்ததும், முழங்கால் ஆழத்திலே முட்டையிட்டுவிடும். ஊசி வேண்டாம், லாரி வேண்டாம், மானியம் வேண்டாம். இவைதான் கண்மாயின் குடியிருப்பவர்கள்.

கண்மாய் வெடித்துக் காய்ந்து கிடக்கிறதே, மறு மழைக்கு எங்கிருந்து மீன் வருகிறது என்று எல்லா ஊரிலும் கேட்பார்கள். முட்டை மண்ணுக்குள்ளே கிடந்து முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் அப்படிக் காய்ந்த மண்ணில் மாதக்கணக்கில் முட்டை காத்திருக்கும் மீன்கள் உண்மையாகவே உண்டு. நம் கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. அதன் முட்டை ஓரிரு நாளில் பொரித்தாக வேண்டும், இல்லையென்றால் அழுகிவிடும். பின் எப்படி வருகிறது? இரண்டு வழி. கண்மாயில் ஆழமான கிடங்கு ஒன்று இருந்தால் கோடை முழுக்க அதில் பத்து மீன் ஒதுங்கிக் கிடக்கும். விராலும் குரவையும் காற்றைச் சுவாசித்துச் சேற்றில் தாக்குப் பிடிக்கும். அயிரையும் மேலே வந்து காற்றை விழுங்கிக் குடல் வழியே சுவாசிக்கும். அது முதல் வழி. இரண்டாவது, நம் கண்மாய்கள் சங்கிலி. ஒன்று நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால் அடுத்ததுக்குப் போகும். அந்த ஓட்டத்தை எதிர்த்து மீன் ஏறும், ஓட்டத்தோடு இறங்கவும் செய்யும். வரத்துவாரியும் கலுங்கும் தண்ணீருக்கு மட்டும் வழி இல்லை, மீனுக்கும் அதுதான் வழி. கிடங்கும் இல்லை, வழியும் இல்லை என்றால் குடியிருப்பவர் திரும்பி வர முடியாது.

வழக்கு இதுதான்

பாடப்புத்தகத்தில் இந்தச் சின்னக் கெண்டைகளுக்கு ஒரு பெயர் இருக்கிறது. 'களை மீன்' என்று பெயர். பயிரில் களை மாதிரி ரோகுவின் தீனியைப் பங்கு போடுகிறவை, ஆகவே குஞ்சு விடுமுன் இலுப்பைப் பிண்ணாக்குப் போட்டு அழித்துவிட வேண்டும் என்பது மீன் பண்ணைப் பாடம். சொந்தப் பண்ணைக்குட்டையில் முதல் போட்டவர் அப்படிச் செய்வதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பெயர் பண்ணையிலிருந்து நடந்து ஊர்க் கண்மாய்க்கும் வந்துவிட்டது. குத்தகை எடுத்தவர் பார்வையில் கிலோவுக்கு விலை போகாதது எல்லாம் களை. பிறந்த வீட்டில் இருக்கிறவரைக் களை என்றும், லாரியில் வந்து இறங்கியவரைப் பயிர் என்றும் தீர்ப்பு எழுதிவிட்டோம். இந்தத் தீர்ப்பின் மேல்தான் என் அப்பீல்.

என் தரப்பில் மூன்று வாதம். முதல் வாதம் சாப்பாடு. வங்காளதேசத்தில் மோலா என்று ஒரு சின்ன மீன் உண்டு. நம் பக்கத்துக் குளங்களில் இருக்கும் ஒரு பொடி மீனுக்கு அது உடன்பிறப்பு மாதிரி. வைட்டமின் ஏ அதில் அபாரமாக இருக்கிறது. அதில் பெரும்பகுதி கண்ணிலும் குடலிலும்தான். பெரிய மீனை வெட்டிக் கழித்துவிட்டுச் சதையைத் தின்கிறோம், சின்ன மீனைத் தலையோடு முள்ளோடு தின்கிறோம். சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து போகிறது. பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கிறவளுக்கும் பொடிமீன் குழம்பு வைத்துக் கொடுத்த நம் பெண்கள் கெட்டிக்காரிகள்.

இரண்டாவது வாதம் காப்பீடு. லாரி வராத வருஷமும் மீன் இருக்க வேண்டுமென்றால் தானே பெருகுகிற மீன் இருக்க வேண்டும். சின்ன மீன் இருந்தால்தான் அதைத் தின்று விராலும் வளரும், கொக்கும் நாரையும் வரும். அயிரையை இட்டு விராலை வாங்குவது என்று பழமொழி இருக்கிறதே, இட அயிரை வேண்டாமா?

மூன்றாவது வாதம் எச்சரிக்கை. அதற்கு மறுபடி கட்ஜனிடம் போக வேண்டும். அந்தக் கூட்டத்தில் கிழக்காசியாவைச் சேர்ந்த சூடோரஸ்போரா என்ற குட்டி மீன் ஒன்று உண்டு. 1960-களில் சீனத்துக் கெண்டைக் குஞ்சுகளை ஐரோப்பாவுக்கு இறக்குமதி செய்தபோது யாரும் கவனிக்காமல் அந்தக் குஞ்சுக் கூட்டத்தோடு கலந்து போய்விட்டது. இன்று அது ஐரோப்பா முழுக்கப் பரவியிருக்கிறது. அது மட்டும் போகவில்லை, தன்னோடு ஒரு கிருமியையும் கொண்டுபோயிற்று. அந்த மீன் இருந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தாலே அவர்கள் நாட்டுச் சின்னக் கெண்டை ஒன்று முட்டையிடுவதை நிறுத்திவிட்டது, செத்தும் போனது என்று 2005-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்து வாங்கின விருந்தாளியோடு, கண்ணுக்குத் தெரியாமல் வந்த விருந்தாளி செய்த வேலை அது. விதையோடு களை வருகிறது என்றால் இதுதான் உண்மையான களை. நம் கண்மாயில் இருக்கிற பொடிக்கெண்டை அல்ல.

நம் முன்னோர்கள் கண்மாய் மீனைச் சும்மா விட்டதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் பாசிப்பாட்டம் என்ற சொல் வருகிறது. ஏரியின் மீன்பிடிக் குத்தகை அது. இன்றும் அரசு அறிவிப்பில் மீன்பாசி ஏலம் என்றுதான் போடுகிறார்கள். ஆயிரம் வருஷமாகச் சொல் மாறவில்லை. அந்தக் காலத்தில் அந்த வருமானம் ஏரியைத் தூர் வாருவதற்குப் போனது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். மீனால் வந்த காசு, மீனுக்கு வீடாகத் திரும்பிப் போயிற்று.

நான்கு வேண்டுகோள்

பேச்சோடு போகக் கூடாது என்பதால் நான்கு காரியம் கேட்கிறேன். இந்த அரங்கில் ஊராட்சித் தலைவராக இருந்தவர்கள் இருக்கிறீர்கள், பொறியாளர்கள் இருக்கிறீர்கள், பெரிய கண்மாயின் பாசனக்காரர்கள் இருக்கிறீர்கள்.

ஒன்று. கண்மாய் தூர் வாரும்போது தட்டையாக வழித்துவிடாமல், மடைக்கு எட்டாத ஆழத்தில் ஒரு கிடங்கை விடுங்கள். கோடையில் அந்த ஒரு கிடங்கில் மட்டும் வலை போடுவதில்லை என்று ஊர் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளட்டும். கோயில் காடு வைத்திருக்கிற ஊருக்குக் கோயில் கிடங்கு வைக்கத் தெரியாதா?

இரண்டு. கலுங்கைச் சிமெண்டால் புதுப்பிக்கும்போது கீழ்ப்பக்கம் செங்குத்தாக நிறுத்தாமல் ஓர் ஓரமாவது கல் பரப்பிச் சாய்வாக விடுங்கள். விரல் நீள மீன் இரண்டாள் உயரச் சுவரை ஏறாது. வரத்துவாரியின் மேல் வீடு கட்டினால் தண்ணீர் மட்டும் வராமல் போவதில்லை.

மூன்று. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் அலுத்துப் போன மீனைக் கொண்டுபோய்க் கண்மாயில் விடாதீர்கள். டேங்க் கிளீனர் என்று விற்கிறார்களே, அது தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் இப்போது வேரூன்றிவிட்டது. விரலிகள் வாங்குகிறவர்கள் நம்பகமான பொரிப்பகத்தில் வாங்கி, விடுமுன் ஒரு தாம்பாளத்தில் கொட்டி, வேறு மீன் கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

நான்காவதுதான் எல்லாவற்றிலும் சுலபம், எல்லாவற்றிலும் அவசரம். கோடையில் நம் ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கிறது. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும், ஊத்தா, கச்சா, பரி, வலை என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சாதி பேதம் பார்க்காமல் ஊரே இறங்குகிறது. அன்றைக்குப் பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டில் குழம்பு வைப்பதுதான் வழக்கம். ஒரு கண்மாயின் மீன் எல்லாம் ஒரே நாளில் கரைக்கு வருகிற நாள் அது. எந்த ஆய்வாளனுக்கும் கிடைக்காத பதிவேடு. அன்றைக்கு உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒரு மீனை வெள்ளைத் தட்டில் பக்கவாட்டில் வைத்துப் படம் எடுங்கள். எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் அதன் பெயரைக் கேட்டு எழுதுங்கள். கண்மாயின் பெயர், தேதி, மீனின் பெயர், இந்த மூன்றும் போதும். லத்தீன் பெயரைக் கண்டுபிடிப்பது எங்களைப் போன்றவர்கள் வேலை.

டே எழுதிவைத்த தமிழ்ப் பெயர்களில் சில எனக்கு இன்று சொல்லிப் பார்க்கவே புதிதாக இருக்கின்றன. பெயர் போன பிறகு மீன் போனால் போனதே தெரியாது. பெயர் இருந்தால், "அது எங்கேப்பா, ரெண்டு வருஷமாக் காணோமே" என்று கேட்க ஒரு கிழவியாவது இருப்பாள். அந்தக் கேள்விதான் எல்லாப் பாதுகாப்புக்கும் முதல் படி.

அடுத்த கூடலுக்கு ஆளுக்கு ஒரு கண்மாயின் பட்டியலோடு வாருங்கள். நூறு பேர் கொண்டுவந்தால் நூறு கண்மாய். நம் சங்கம் அதை ஒரு சின்னப் புத்தகமாகப் போடலாம் என்று தலைவர் அவர்களிடம் இந்த மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன். அதில் எங்கேயும் களை மீன் என்ற சொல் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.